அம்மா உம் கொட்டாத இடம்

என் அம்மாவுக்குக் கதை சொல்ல வராது, கேட்கத்தான் வரும். கேட்பதெல்லாம் ஒரு வேலையா என்று நினைக்கிறவர்கள் மட்டாஞ்சேரிப் பக்கம் கொச்சங்காடியில் சுக்குக் கிடங்குக்குள் ஒருநாளாவது உட்கார்ந்திருக்க வேண்டும்.

தொண்ணூறுகளில் எங்கள் தெருப் பெண்கள் பாதிப் பேருக்கு அந்தக் கிடங்கில்தான் வேலை. தரையில் காய்ந்த இஞ்சியைக் கொட்டிப் பரப்பியிருப்பார்கள். எதிரும் புதிருமாக வரிசை கட்டி உட்கார்ந்து நல்லது ஒரு பக்கம், பூச்சி அரித்தது ஒரு பக்கம் என்று பொறுக்க வேண்டும். கண் சுக்கை விட்டு நகரக்கூடாது, நகர்ந்தால் மேஸ்திரிக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். சும்மா இருப்பது வாய் மட்டும்தான். அதையும் எதற்குச் சும்மா விட வேண்டும் என்று யாராவது ஒருத்தி கதையை ஆரம்பிப்பாள். ஊரில் நடந்தது, தெருவில் நடந்தது, எங்குமே நடக்காதது, எல்லாம் வரும்.

சிக்கல் என்னவென்றால், குனிந்த தலைகளைப் பார்த்து எப்படிக் கதை சொல்வது? யார் கேட்கிறார்கள், யார் வீட்டில் அரிசி இல்லாததை நினைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று எதுவும் தெரியாது. அதனால் ஒருத்தி உம் கொட்ட வேண்டும். கிடங்கில் அந்தப் பொறுப்பு அம்மாவுடையது. யாரும் கொடுத்ததில்லை, எப்படியோ அவளிடம் வந்து சேர்ந்துவிட்டது. அங்கே தமிழ் பேசுகிறவர்கள் இருந்தார்கள், மலையாளம் பேசும் முஸ்லிம் பெண்கள் இருந்தார்கள், கொங்கணி பேசும் ஒரு அக்கா இருந்தாள். ஒரு கதை தமிழில் ஆரம்பித்து மலையாளத்தில் முடியும். அம்மாவின் உம் மட்டும் எல்லாவற்றுக்கும் ஒன்றே.

அதற்கு ஒரு சட்டமும் இருந்தது. அம்மா உம் கொட்டவில்லை என்றால் கதை சொல்கிறவள் அடுத்த வரிக்குப் போகக்கூடாது. திரும்பிப் போய் சரிசெய்துவிட்டு வர வேண்டும். ஒரு பள்ளி விடுமுறையில் நான் அங்கே உட்கார்ந்திருந்தபோது, திருநெல்வேலிப் பக்கத்துப் பெண் ஒருத்தி தன் அண்ணன் மாடிவீடு கட்டிவிட்டதாகச் சொன்னாள். அம்மாவிடமிருந்து சத்தம் இல்லை. அவள் கொஞ்சம் பொறுத்துப் பார்த்துவிட்டு, “சரி, மாடி பாதிதான் ஆயிருக்கு” என்றாள். அப்போதும் சத்தம் இல்லை. “மாடி இனிமேதான் கட்டணும், போதுமா?” என்றாள். “ம்” என்றாள் அம்மா, சுக்கிலிருந்து தலையைத் தூக்காமல். கிடங்கே சிரித்தது. அந்தப் பெண்ணும் சிரித்துவிட்டுக் கதையைத் தொடர்ந்தாள். யாருக்கும் மனத்தாங்கல் இல்லை.

அப்பா நகராட்சியில் தெரு கூட்டும் வேலை பார்த்தார். வாய் திறந்து பேசாத மனிதர், குடித்த நாளில் மட்டும் பேசுவார், அதைக் கேட்காமல் இருப்பதே நல்லது. அவர்மேல் எனக்கு நிறையக் கோபம் இருந்தது. அவர் போய்ச் சேர்ந்த பிறகும் அது முழுக்கக் கரையவில்லை என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

நான் எப்படியோ படித்து, கலூரில் ஒரு டுட்டோரியலில் மலையாளம் சொல்லிக்கொடுக்கும் வேலைக்குப் போனேன். தமிழச்சி வந்து மலையாளிப் பிள்ளைகளுக்கு மலையாளம் நடத்துகிறாள் என்று தெருவில் கேலி. என்ன செய்வது, பள்ளிக்கூடத்தில் எனக்குக் கிடைத்தது அந்த எழுத்துதான். தமிழை நான் படிப்பது, ஓடுகிற பஸ்ஸின் பலகையைப் படிப்பது போல. பாதி படிப்பதற்குள் பஸ் போய்விடும். அதனால் கதை எழுத ஆரம்பித்தபோதும் மலையாளத்தில்தான் எழுதினேன். வாரப் பத்திரிகைகளில் ஒன்றிரண்டு வந்தன. எந்த எழுத்தும் தெரியாத அம்மாவுக்கு அது மகள் செய்கிற ஏதோ ஒரு ஆபீஸ் வேலை.

அவளோடு கிடங்கில் வேலை பார்த்த முஸ்லிம் அக்கா ஒருத்தி இருந்தாள், இத்தா என்றுதான் கூப்பிடுவோம். ஒரு பத்திரிகை விடாமல் படிக்கிறவள். அவள்தான் ஒருநாள் பற்றவைத்துவிட்டுப் போனாள். நான் டுட்டோரியலிலிருந்து வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் அம்மா கேட்டாள்.

“எடீ, என்னப் பத்தி எழுதியிருக்கியாமே. நல்லவளாவா, கெட்டவளாவா?”

“நல்லவளாத்தாம்மா.”

“அப்ப பொய்யாத்தான் இருக்கும்” என்று சொல்லிவிட்டு சாயா போடப் போய்விட்டாள்.

சிரித்தேன், ஆனால் அன்றைக்கு ஒன்று எனக்குத் தைத்தது. யார் யாரோ முகம் தெரியாத வாசகர்கள் நன்றாக இருக்கிறது என்று எழுதினார்கள். ஊரார் கதைக்கெல்லாம் உம் கொட்டிய அம்மா, என் கதை ஒன்றுக்குக்கூடக் கொட்டியதில்லை. அவள் கேட்டு ஒரு “ம்” சொல்ல வேண்டும், அது எனக்கு வேண்டும் என்ற ஆசை அன்றைக்குப் பிடித்துக்கொண்டது. சின்னப்பிள்ளை ஆசைதான். ஆனால் வளர்ந்தவர்களுக்கு வரும் சின்னப்பிள்ளை ஆசைகள் லேசில் போவதில்லை.

எங்கள் வட்டாரத்து வாசகசாலை வருஷத்துக்கு ஒருமுறை இலக்கிய விழா நடத்தும். விழா என்றால் கோயில் ஒலிபெருக்கி, பள்ளிக்கூடத்து பெஞ்சு, யாராவது கவிதை வாசிக்கும்போது அணைந்துபோகும் டியூப் லைட். இரண்டாயிரத்துக்குப் பிறகு ஒரு வருஷம், காயலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பல்கலைக்கழகம் வந்து விழாவோடு கைகோத்துக்கொண்டது. ஒப்பந்தம் போட்டார்கள், கையெழுத்திட்டதைப் படம் எடுத்தார்கள். அதற்கடுத்து வந்த பேனரில் பல்கலைக்கழகத்தின் பெயர் பெரிதாகவும் வாசகசாலையின் பெயர் கண்ணாடி போட்டுத் தேடும் அளவிலும் இருந்தது.

வாசகசாலைச் செயலாளர் சேட்டன் எங்கள் வீட்டுக்கு வந்து இதையெல்லாம் விளக்கினார். அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, “சம்பந்தம் பண்ணியாச்சு, சரி. இதுல யாரு மாப்பிள்ளை வீடு, யாரு பொண்ணு வீடு சேட்டா?” என்றாள்.

“நம்மதான் சேச்சி பொண்ணு வீடு” என்றார் அவர். “அவங்க சொல்றதுக்கெல்லாம் தலையாட்டணும்.”

குறை மட்டும் சொல்லக்கூடாது. அவர்கள் வந்த பிறகுதான் நாற்காலிக்கு முதுகு வந்தது. மைக் கரகரக்காமல் பேசியது. எங்கள் பக்கத்தை எட்டிப் பார்க்காதவர்கள் படகு ஏறி வந்தார்கள். அவர்கள் கேட்டது ஒன்றுதான். மட்டாஞ்சேரியில் எத்தனை மொழி பேசுகிறார்களோ அத்தனை மொழியிலும் ஒருவர் வாசிக்க வேண்டும், எல்லாவற்றையும் ஒலிப்பதிவு செய்து பல்கலைக்கழகத்தில் பாதுகாப்போம் என்றார்கள். கொங்கணிக்கு ஆள் இருந்தது, குஜராத்திக்கு இருந்தது. தமிழுக்கு ஆள் தேடி வந்துதான் சேட்டன் எங்கள் வீட்டில் உட்கார்ந்து சாயா குடித்துக்கொண்டிருந்தார்.

“நான் மலையாளத்துலதானே சேட்டா எழுதறேன்” என்றேன்.

“அதுக்கென்ன? தமிழ்ல ஒண்ணு வாசிக்கணும், அத்தறதான். நீங்க தமிழுதானே?”

தமிழுதான். இந்தக் கேள்விக்கு வேறு என்ன பதில் சொல்ல முடியும்? அதோடு, அம்மா முன்னால் உட்கார்ந்து கேட்கலாம் என்பது அந்த நொடியே தோன்றிவிட்டது. ஒப்புக்கொண்டேன்.

அவளைப் பற்றிய கதையையே எடுத்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்து அதைத் தமிழாக்கினேன், ஆனால் மலையாள எழுத்தில் எழுதிவைத்துக்கொண்டேன். தமிழ் எழுத்தில் இருந்தால் மேடையில் என் பஸ் நகர்ந்துவிடும். எழுதும்போதே ஒவ்வொரு வரிக்குப் பிறகும் ஒரு மூச்சு இடம் விட்டேன். அம்மாவுக்காக விட்ட இடம் அது.

விழா நடக்கும் இடத்தை அறிவித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அம்மா வேலை பார்த்த அதே கிடங்கு. அதை மூடிச் சில வருஷங்களாகியிருந்தன. பழைய கட்டடத்தில் இலக்கியம் பேசினால் அழகாக இருக்கும் என்று பல்கலைக்கழகத்துக்காரர்களுக்குத் தோன்றியிருக்கிறது. சுண்ணாம்பு அடித்து, மேலே மின்விசிறி மாட்டி, மேடை போட்டிருந்தார்கள். என்ன அடித்தும் சுவரிலிருந்து சுக்கு வாசனை போகவில்லை.

அம்மா புதுச்சேலை கட்டிக்கொண்டு இத்தாவோடு வந்தாள். வாசலில் நின்று உள்ளே ஒருமுறை பார்த்தாள். கழுத்தில் அடையாள அட்டை மாட்டிய மாணவி ஒருத்தி, வாசிக்கிறவரின் அம்மா என்று தெரிந்ததும் கையைப் பிடித்து முன்வரிசையில் உட்காரவைத்தாள். “இவிடதானே நம்மள் இருந்தது” என்று இத்தா காலால் தரையைத் தட்டிக் காட்டினாள். “நீ அங்க, ஜன்னல்கிட்ட. இது என் இடம்” என்றாள் அம்மா.

என் பெயர் சொல்லி அழைத்தார்கள். போய் நின்று முதல் வரியை வாசித்தேன்.

“ம்.”

முழுக் குரலில் வந்தது. கிடங்கின் கடைசி வரிசை வரைக்கும் கேட்கிற, வேலைக்காலத்துக் குரல். தலைகள் திரும்பின. இரண்டாவது வரி. “ம்.” யாரோ சிரித்தார்கள். எனக்குக் கவலையே இல்லை. உடம்பெல்லாம் ஒரு தெம்பு ஏறியது. இதற்காகத்தானே வந்தேன் என்று அடுத்த வரிக்குப் போனேன்.

நாலைந்து வரி போயிருக்கும். அந்த மாணவி குனிந்தபடி வந்து அம்மாவின் காதருகில், “அம்மே, ஒச்ச வேண்டாட்டோ. ரெக்கார்டிங் நடக்குவாணு” என்றாள். மரியாதையாகத்தான் சொன்னாள். சத்தம் பதிவாகிவிடுமே என்பது அவள் கவலை. அம்மா சேலைத் தலைப்பை எடுத்து வாயில் பொத்திக்கொண்டாள்.

அதற்குப் பிறகு நான் வாசித்தது செவிடன் காதில் ஊதிய சங்குதான். நல்ல சபை, ஒருவர்கூட அசையவில்லை. எல்லா முகத்திலும் ஒரே மரியாதை. நான் மூச்சுக்கு விட்ட இடத்திலெல்லாம் ஒன்றுமே வந்து விழவில்லை. கேட்கிறார்களா, படகு நேரத்தைக் கணக்குப் போடுகிறார்களா? ஒரு வரியை விட்டுவிட்டேன், இன்னொரு வரியை இரண்டு தடவை வாசித்தேன். முன்வரிசையில் அம்மா தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு, தப்புச் செய்து பிடிபட்டவள்போல உட்கார்ந்திருந்ததைப் பார்த்ததும் எனக்குக் கோபம் வந்தது. எனக்குக் கோபம் வந்தால் தமிழ்தான் வரும்.

“அம்மா, உம் கொட்டு” என்றேன், மைக்கிலேயே. “நீ கொட்டலேன்னா எனக்கு வாசிக்க வராது.”

“இந்தக் கொச்சு வேண்டாங்குது டீ” என்றாள் அம்மா, மாணவியைக் காட்டி.

சபை சிரித்தது. பாவம், அந்தப் பெண்ணின் முகம் சிவந்துவிட்டது. மேடை ஓரத்தில் உட்கார்ந்திருந்த பேராசிரியர் நல்ல மனிதர். அவரும் சிரித்துக்கொண்டே, கொட்டட்டும், கொட்டட்டும் என்று கையசைத்தார். ஒலிப்பதிவுக்காரர் மட்டும் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றி, தலையைச் சொறிந்துவிட்டு, மறுபடி மாட்டிக்கொண்டார்.

பிறகு கதை ஓடியது. ஓடியது என்றால் அம்மா ஓட்டினாள். கிடங்கு, மேஸ்திரி, மழைநாளில் தெரு மிதந்தது, எல்லாவற்றுக்கும் ஒவ்வொரு உம். அப்படியே கதையின் முக்கியமான இடத்துக்கு வந்து சேர்ந்தேன்.

நான் பத்தாவது பாஸான சாயங்காலம் அது. இனி இவளைப் படிக்கவைப்பதா, வேலைக்கு அனுப்புவதா என்று வீட்டில் பேச்சு. கதையில் அப்பா வேண்டாம் என்கிறார். அம்மா நிமிர்ந்து நின்று சொல்கிறாள்: “நம்ம ரெண்டு பேருக்கும் குனிஞ்சு பண்ற வேலையாப் போச்சு. இவளாவது நிமிர்ந்து உக்காந்து பண்ற வேலைக்குப் போகட்டும்.” பத்திரிகையில் வந்தபோது வாசகர்கள் எல்லோரும் மெச்சிய வரி. வாசித்துவிட்டு நிறுத்தினேன்.

சத்தம் இல்லை.

அழுகிறாள் என்று நினைத்தேன். பெருமையாகக்கூட இருந்தது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். மின்விசிறி சுற்றியது. யாரோ நாற்காலியை நகர்த்தினார்கள். இன்னும் சத்தம் இல்லை. நிமிர்ந்து பார்த்தேன். அம்மா அழவில்லை. மடியில் கையைக் கட்டிக்கொண்டு, குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள், அங்கே சுக்கு பரப்பியிருப்பதுபோல. அப்போதுதான் எனக்கு உறைத்தது. மாடிவீட்டுக்காரிக்கு ஆனதுதான் எனக்கும் ஆகியிருக்கிறது.

“என்னம்மா?” என்றேன்.

“அது நான் சொல்லலையே.”

சபை ஆடாமல் அசையாமல் இருந்தது. இந்தத் தடவை மரியாதைக்காக அல்ல.

“உங்கப்பன் சொன்னது அது. நான் வேண்டாம்னுதான் சொன்னேன். சுக்குக் கம்பெனியில சேர்த்துடலாம், என் பக்கத்துல இருப்பாள்னு சொன்னேன். குழாயடியில கால் கழுவிக்கிட்டே அந்த மனுஷன்தான் சொன்னாரு. நீயும் அங்கதான நின்ன?”

நின்றிருந்தேன். எனக்குத் தெரியும். ஆனால் எழுதும்போது அந்த வரியை அப்பாவின் வாயில் வைக்க மனசு வரவில்லை. அவருக்கு அது பொருந்தவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

“கதைதானேம்மா” என்றேன் மெதுவாக.

“கதைதான். யாரு இல்லேன்னா?” என்றாள். “வாழ்நாள் பூரா அந்த மனுஷன் வாயிலேர்ந்து வந்தது ஒரே ஒரு நல்ல வார்த்தை. அதையும் பிடுங்கி எனக்குக் குடுத்தா எப்படி டீ?”

தாளைக் கீழே வைத்துவிட்டேன். எழுதிவைத்த தமிழை விட்டு, வீட்டில் பேசும் தமிழில், அந்தச் சாயங்காலத்தைத் திரும்பச் சொன்னேன். அம்மா வேண்டாம் என்றது, அப்பா குழாயடியில் நின்றது, அன்றைக்கு அவர் குடித்திருக்கவில்லை என்பது, ஈரக் காலோடு திரும்பிப் பார்க்காமலே அந்த வரியைச் சொன்னது. சொல்லச் சொல்ல அவர் முதுகு எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. பல வருஷத்துக்கப்புறம் கோபமில்லாமல் அவரைப் பார்த்தேன். முடித்துவிட்டு நின்றேன்.

“ம்ம்” என்றாள் அம்மா. நீளமாக.

விழா முடிந்து திரும்பும்போது சாயாக் கடையில் நின்றோம். எனக்கு இன்னும் கொஞ்சம் உறுத்தலாகத்தான் இருந்தது. “எல்லாருக்கும் முன்னாடி மானத்தை வாங்கிட்டியே” என்றேன்.

“உம் கொட்டுன்னு மைக்குல கேட்டது யாரு? நானா?” என்றாள். பிறகு சாயாவை ஊதிக்கொண்டே, “உன்னப் பக்கத்துல வச்சுக்கணும்னு எனக்கு ஆசையாருந்தது. அதை நீ எழுதவே இல்ல” என்றாள்.

பல்கலைக்கழகச் சம்பந்தம் சில வருஷங்களில் தானாகவே தேய்ந்து நின்றது. சண்டை ஒன்றும் இல்லை, அவர்கள் வேறு வேலைகளுக்குப் போனார்கள், வாசகசாலை மறுபடி பெஞ்சுக்கு வந்தது. அதற்கு முன்பே, வாசித்தவர்கள் எல்லோருக்கும் ஆளுக்கொரு ஒலித்தகடு கொடுத்திருந்தார்கள். என்னிடம் போட்டுக் கேட்கக் கருவி கிடையாது. அலமாரியில் சேலைக்கடியில் வைத்துவிட்டேன். அம்மாதான் பக்கத்திலேயே இருக்கிறாளே, தகடு எதற்கு?

அம்மா போன பிறகுதான் அதைத் தேடினேன். ஓர் உறவுக்காரர் வீட்டிலிருந்து கருவி வாங்கிவந்து, கதவைச் சாத்திக்கொண்டு போட்டேன். என் குரல் வந்தது. முதல் வரி முடிந்தது. நான் காத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. இரண்டாவது வரி. ஒன்றும் இல்லை. மூன்றாவதுக்கும் இல்லை. தகடு முழுக்க நான் மட்டும் பேசிக்கொண்டிருந்தேன்.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. பல்கலைக்கழகத்துக்குத் தொலைபேசி போட்டேன். அந்தப் பதிவுகளைக் கவனித்தவரிடம் இணைப்புக் கொடுத்தார்கள். அவருக்கு என் வாசிப்பு நன்றாக நினைவிருந்தது. “முன்வரிசையில யாரோ சத்தம் போட்டுக்கிட்டே இருந்தாங்க மேடம். ஒவ்வொண்ணா எடுத்து, அந்த இடத்தை அமைதியாக்கினேன். ரொம்ப மெனக்கெட்டேன்” என்று மலையாளத்தில் சந்தோஷமாகச் சொன்னார். பழைய பதிவு இருக்கிறதா என்றேன். சுத்தம் செய்ததை மட்டும்தான் வைத்திருக்கிறோம் என்றார். இவரை என்னவென்று திட்டுவது? பாராட்டை எதிர்பார்த்து ஒருவர் காத்துக்கொண்டிருக்கிறார். வைத்துவிட்டேன்.

தகட்டை உடைத்துப் போடத்தான் நினைத்தேன். ஆனாலும் இன்னொரு தடவை, முழுக்கக் கேட்டேன். அப்போது ஒன்று பிடிபட்டது. அவர் அமைதியாக்கிய இடங்களிலெல்லாம் மின்விசிறிச் சத்தமும் சேர்ந்தே நின்றுபோகிறது. கிணற்றுக்குள் தலையை விட்டதுபோல ஒரு செத்த அமைதி, பிறகு மறுபடி மின்விசிறியும் நானும். வரிக்கு வரி இப்படியே. என்னோடு அம்மா பேசியதெல்லாமும் அந்தக் கிணற்றுக்குள் போய்விட்டது.

ஒரே ஓர் இடத்தைத் தவிர. “இவளாவது நிமிர்ந்து உக்காந்து பண்ற வேலைக்குப் போகட்டும்” என்று வாசித்துவிட்டு நான் நிறுத்துகிறேன். அங்கே அவர் கை வைக்கவில்லை. எடுப்பதற்குச் சத்தம் எதுவும் இல்லையே. மேடையில் நான் உணர்ச்சிவசப்பட்டு நிறுத்தியதாக நினைத்திருப்பார். அங்கே மின்விசிறி சுற்றுகிறது. யாரோ நாற்காலியை நகர்த்துகிறார்கள். முன்வரிசையில், தன் பழைய இடத்தில், அம்மா உட்கார்ந்திருக்கிறாள். உம் கொட்ட மாட்டேன் என்கிறாள்.

அம்மாவைக் கேட்க வேண்டும் என்று தோன்றும்போதெல்லாம் அந்த இடத்தை மட்டும் போட்டுக் கேட்கிறேன்.